நாலரைக் கட்டை

பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், சிட்டங்குளம் பஞ்சாயத்து ஆபீஸ் கூரைமேல் ஒன்பது மணிச் சங்கு வழக்கம்போல ஊதியது, வழக்கம்போல நிறுத்தினார்கள், சங்கு நின்றது, சத்தம் நிற்கவில்லை. சுவிட்சை அமுக்கிய பியூன் மறுபடி அமுக்கிப் பார்த்தான், வயரைப் பிடுங்கிப் பார்த்தார்கள், மறுநாள் சங்கையே கழற்றி இறக்கினார்கள், மூன்றாம் நாள் டிராக்டரில் ஏற்றி ஐந்து மைல் தள்ளி ஓடைக்குள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டும் வந்தார்கள். அது அங்கே வாய் நிறைய மணலோடு ஊமையாகக் கிடந்தது. இங்கே அந்த ஒரே ஒரு ஸ்வரம், கூடாமல் குறையாமல், ஏறாமல் இறங்காமல், கண்மாய்க்கரையிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி ஊரை மூடிக்கொண்டு நின்றது. கேட்டைத் தாண்டி ஓர் எட்டு வைத்தால் கேட்காது, ஓர் எட்டு பின்னால் வைத்தால் கேட்கும். கலெக்டர் ஆபீசிலிருந்து வந்தவர்கள் அங்கே நின்று முன்னும் பின்னுமாக எட்டு வைத்துப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு, எதையோ எழுதிக்கொண்டு போனார்கள்.

முதல் வாரம் ஊருக்கு அது தலைவலியாக இருந்தது, இரண்டாம் வாரம் பேச்சாக இருந்தது, மூன்றாம் வாரம் பழகிப்போயிற்று. திருவிழா நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிக்கிற மிக்கேல் வாத்தியார் மாதா கோயில் வாசலில் பெட்டியைத் திறந்து வைத்து, ஒரு கையால் துருத்தியை அமுக்கிக்கொண்டு, மறு கையால் கட்டை கட்டையாக அழுத்திக்கொண்டே வந்தார். நாலாவது வெள்ளைக் கட்டைக்கு அடுத்த கறுப்புக் கட்டையில் விரல் பட்டதும் பெட்டிச் சத்தமும் வானத்துச் சத்தமும் ஒன்றாகிவிட, கண்ணை மூடிக்கொண்டார்.

"நாலரைக் கட்டை," என்றார். நோய்க்குப் பேர் தெரிந்துவிட்ட ஆறுதலில் கூட்டம் மூச்சு விட்டது.

"இனிமே நம்ம ஊருக்கு இதுதான் ஸா. பாட்டு கெளம்புற எடமும் இதுதான், சுத்திட்டு வந்து உக்காருற எடமும் இதுதான். இத மனசுல வச்சுக்கிட்டுப் பேசுங்க, ஒரு தொந்தரவும் வராது."

விடாமல் ஒலிப்பது சுருதி, சுருதி என்றால் அது ஸா. முப்பது வருசமாகப் பெட்டியும் கையுமாகத் திரிந்த மனிதருக்கு அதில் சந்தேகம் வர வழியே இல்லை. அவருக்கே வராத சந்தேகம் ஊருக்கு எங்கேயிருந்து வரும்?

அவர் சொன்னபடிதான் நடந்தது. நாலரையோடு ஒட்டாமல் யாராவது பேசினால் அலமாரியில் பித்தளைச் செம்பு அதிர்ந்தது, கேட்டவர்களுக்குப் புளியங்காயைக் கடித்த மாதிரி பல் கூசியது. கூசுகிற பல்லோடு எத்தனை நாள் இருப்பது? ஜனங்கள் தாங்களாகவே குரலை ஏற்றி இறக்கி ஒட்டவைத்துக்கொண்டார்கள். ராகத்தின் பேர் தெரியாமலே சந்தையில் மோகனத்தில் விலை கேட்டார்கள், மோகனத்திலேயே கட்டுப்படியாகாது என்று சொல்லி அனுப்பினார்கள், குழாயடிச் சண்டை அடாணாவில் ஏறியது, தொட்டில் பிள்ளைகள் பசித்தால் ஸாவிலும் வயிறு வலித்தால் பஞ்சமத்திலும் அழுதன, பள்ளிக்கூடத்தில் பதினாறாம் வாய்ப்பாடு ஆரோகண அவரோகணமாகப் போய் வந்தது. ஆட்டோக்காரர்கள் ஹாரனைக் கழற்றி அரத்தால் தேய்த்துச் சரிபண்ணிக்கொண்டார்கள். அம்மன் கோயில் மணியை உருக்கி மறுபடி வார்த்தார்கள், அதைப் பார்த்து மாதா கோயில் மணியையும் உருக்கி வார்த்தார்கள். அசலூருக்குக் கல்யாணம் காட்சி என்று போனவர்கள், அங்கே காது காலியாகக் கிடக்கிறது, தூக்கம் பிடிக்கவில்லை என்று கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வந்தார்கள்.

வருசம் திரும்புவதற்குள் ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊர் பதினோராவதாகச் சுருதிப் பொருத்தமும் பார்க்க ஆரம்பித்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்து, பேரையும் தகப்பன் பேரையும் சொல்லச் சொல்லுவார்கள், மிக்கேல் வாத்தியார் நாலரையை அழுத்திக்கொண்டே கேட்டுவிட்டுத் தலையாட்டுவார். பிள்ளைக்குக் குரல் தாய்வழியில்தான் வரும் என்று யாரோ கிளப்பிவிட, பெண்ணைப் பெற்றவளையும் உட்கார வைத்தார்கள். ஊர் ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட்டால் அதற்கு மேல் ஒரு சட்டத்தையும் போட்டுக்கொள்ளாமல் இருக்காது.

இந்தச் சட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டவள்தான் கருவாட்டுக்கார வேலுத்தாய்.

இருபது வருசமாகத் தலையில் கூடையை வைத்து, "கருவாடேய், நெத்திலி, சாளை, வாளை" என்று தெருத்தெருவாகக் கூவி விற்றவள் அவள். அந்தச் செவ்வாய்க்கிழமையும் கூவிக்கொண்டுதான் போனாள். வாசலில் நின்ற பெண்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடியபோது கருவாடு கெட்டுவிட்டதாக நினைத்துக் கூடையை இறக்கி முகர்ந்து பார்த்தாள், பாவம். கருவாட்டில் ஒரு குறையும் இல்லை. அவள் குரல்தான் நாலரைக்கு அடுத்த வெள்ளைக் கட்டையில், அஞ்சில் நின்றது. ரொம்பத் தள்ளிப் பேசுகிறவர்களுக்குக்கூட ஏதாவது ஒரு ராகத்தில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. உரசிக்கொண்டு பக்கத்தில் நின்றவளுக்குத்தான் கிடைக்கவில்லை.

எட்டு மாதம் தினமும் காலையில் வாத்தியார் வீட்டுக்குப் போய்ப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் எறக்கு தாயி. ஒரு நூலுதான்."

"எறக்குனா வேற யாரோ பேசுற மாதிரி இருக்கு வாத்தியாரய்யா. நானு எங்கயோ போயிருதேன்."

"நீ நிக்கிற எடம் சின்ன ரிஷபம். போற வழியில தொட்டுட்டுப் போகலாம், அதுலயே குடியிருக்க முடியாது. கெளம்பி வீட்டுக்கு வா."

"எனக்கு அதுதான வீடா இருக்கு," என்றாள் வேலுத்தாய். வாத்தியாருக்குப் பல் கூசியது. நல்ல மனிதர், முகத்தைச் சுளிக்காமல் தாங்கிக்கொண்டார்.

சித்திரையில் மகள் ராஜகனிக்கு எண்ணெய்க்கடை ஐயம்மாள் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். ராஜகனி பேசினால் நாலரையில் எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். தகப்பன் பேரைச் சொன்னதுமே வாத்தியார் தலையாட்டிவிட்டார், பெற்றவளை மட்டும் பெட்டிக்கு முன்னால் கூப்பிடாமல் விட்டார்கள். ஐயம்மாள் மகனும் ராஜகனியும் கண்மாய்க்கரையில் முன்னமே பார்த்துப் பேசிச் சிரித்துக்கொண்டவர்கள்தான், ஊருக்குத்தான் அது தெரியாது, பெற்றவளுக்குத் தெரியும். வெற்றிலை மாற்றுகிற இடத்தில் ஐயம்மாள் வேலுத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணு தங்கம் மதினி. ஒங்களையும் ஒரு கொற சொல்ல முடியாது. ஆனா எங்க ஆளுக பாழாப்போன வாயி. கல்யாணம் முடியுற வரைக்கும் நீங்க மட்டும் ஊருக்குள்ள வாயத் தெறக்காம இருந்துட்டா போதும். ஆவணி வந்தா முடிஞ்சுரும்."

வேலுத்தாய் மகள் முகத்தைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள்.

அன்றிலிருந்து அவள் கருவாட்டைக் கூவாமல் விற்றாள். கருவாட்டுக்கு எதற்கு வாய், வாசனையே போதும் என்று தெருவில் கேலி பேசினார்கள், அவளும் சிரித்துக்கொண்டு போனாள். சிரிப்பைக்கூட உதட்டோடு நிறுத்திக்கொண்டாள். உள்ளுக்குள்ளே மட்டும், தண்ணீர் காணாத பானை மாதிரி, நாளுக்கு நாள் வெடித்துக்கொண்டு கிடந்தாள்.

அவள் புருசன் பூவலிங்கம் நெல் மண்டியில் லோடுமேன். அவனுக்கு இது பொறுக்கவில்லை. சாயங்காலம் மூட்டை இறக்கி முடித்ததும் தலைத் துண்டை உதறிக் கட்டிக்கொண்டு, சைக்கிள் கேரியரில் அவளை உட்கார வைத்து மிதித்துக்கொண்டுபோய், ரயில்வே கேட்டைத் தாண்டி ஓர் எட்டு தள்ளி வண்டியை நிறுத்துவான். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் யாரோ எப்போதோ போட்டுவிட்டுப் போன கல் ஒன்று கிடக்கும், அதில் உட்காருவார்கள்.

"ம், இப்பக் கொட்டு," என்பான்.

வேலுத்தாய் கொட்டுவாள். காலையில் நாய் வாளைக் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது, மகள் தூக்கத்தில் சிரித்தது, மேலத்தெருக்காரி உப்புக் குறைவு என்று திருப்பிக் கொடுத்தது, முட்டி வலி, என்றைக்கோ செத்துப்போன தன் அம்மாவின் மூக்குத்தி, எது எது வாயில் வருமோ அது அது. அவன் பீடியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான், சிரிக்கிற இடத்தில் சிரிப்பான்.

"ஒங்களுக்குப் பல்லு கூசலையா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இங்கதான் அந்தச் சனியன் கேக்கலையே."

"ஊருக்குள்ள இருக்கப்ப? மொத மொதல்ல நான் பேசுனப்ப?"

"கூசுச்சு. கூசுனா என்ன? ஒன் பேச்சு நின்னுபோனா எனக்கு வீடு பூட்டிக் கெடக்குற மாதிரி இருக்கு புள்ள. நீ பேசு."

நாலு மாதம் இப்படியே ஓடியது. அவள் வாழ்ந்ததெல்லாம் அந்த ஒரு மணி நேரம்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஆவணி பிறந்து, கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கையில், காலை பத்து மணிக்குப் பூவலிங்கம் முதுகில் மூட்டையோடு மண்டி வாசலில் உட்கார்ந்தான். மூட்டையை எடுத்துவிட்டுப் பார்த்தால் உயிர் இல்லை. கட்டை வண்டியில் கொண்டுவந்து, வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றினார்கள். வேலுத்தாய் அவன் காலடியில் வந்து உட்கார்ந்தாள், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கட்டியவள் முதல் குரல் எடுத்தால்தான் மற்றப் பெண்கள் ஒப்பாரி சொல்ல வாயைத் திறப்பார்கள், அவள் அழாமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். பெண்கள் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு வட்டமாக உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவுக்குத் துட்டி கேட்க ஐயம்மாள் தன் ஆட்கள் பத்துப் பேரோடு வந்து எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மிக்கேல் வாத்தியார் ஒரு நல்ல எண்ணத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து தலைமாட்டு ஓரமாக உட்கார்ந்து, நாலரையை மெல்லப் பிடித்துக்கொண்டிருந்தார், அந்தப் பிடிமானத்திலாவது அவள் அழுதுவிட மாட்டாளா என்று. உச்சி வெயில் ஏறியது.

ராஜகனி வந்து அம்மாவின் காதோரம் குனிந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"எம்மா, ஒனக்குப் பதிலா சின்னம்மா அழட்டும்மா. பதினெட்டு நாளுதான இருக்கு."

வேலுத்தாய்க்கு மகள்மேல் கோபம் வரவில்லை. அப்பனையும் இழந்து கல்யாணத்தையும் இழக்கவா என்று அந்தப் பிள்ளை பயந்தது நியாயம்தான். தலையை ஆட்டினாள்.

வேலுத்தாயின் தங்கச்சி நல்ல குரல்காரி. முகாரியில் எடுத்தாள். நாலரையில் கொஞ்சமும் பிசகாமல், எங்கே ஏற வேண்டுமோ அங்கே ஏறி, எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கி, அக்கா புருசனைப் பட்டத்து ராசாவே என்றாள், பவளமே என்றாள். பெண்கள் கூடச் சேர்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். வந்திருந்தவர்கள் நல்ல கச்சேரி கேட்கிற மாதிரி தலையாட்டினார்கள். யார் கண்ணிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வேலுத்தாய் கேட்டுக்கொண்டிருந்தாள். இவர்கள் யாரைச் சொல்லி அழுகிறார்கள்? ராசாவாம், பவளமாம். மூட்டை தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப்போன மனுசனை ஒருத்தரும் அழவில்லையே.

"முடிஞ்சுச்சுல்ல, தூக்குங்கப்பா," என்றார் ஒரு பெரியவர்.

நாலு பேர் குனிந்தார்கள். பெஞ்சு அசைந்தது. தன் குரலைக் கேட்காமலே போகப்போகிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முந்தானை வாயிலிருந்து தானாக விழுந்தது.

"ஊரு மூட்டையெல்லாம் ஒத்தையாத் தூக்குனவரே, ஒங்களத் தூக்க நாலு ஆளா வந்துருக்கு…"

அஞ்சில் எடுத்தாள், அஞ்சில் முடித்தாள். பந்தல்காலில் தொங்கிய லோட்டா அதிர்ந்து விழுந்து உருண்டது, அடுத்தடுத்த வீடுகளிலிருந்தெல்லாம் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது, கூட்டம் மொத்தமும் கன்னத்தைப் பொத்திக்கொண்டது. ஐயம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "இனிமே இந்த வீட்டுல எங்க கை நனையாது," என்று சொல்லிவிட்டுத் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். ராஜகனி அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். வேலுத்தாய் நிறுத்தவில்லை. நாலு மாதம் அவன் காதில் மட்டும் விழுந்த குரல் அது, இன்றைக்கு அவனோடு போகட்டும் என்றுதான் அழுதாள். வரிக்கு வரி அவன் தோள் காய்ப்பைச் சொன்னாள், பீடியைச் சொன்னாள், தண்டவாளத்துக் கல்லைச் சொன்னாள், எதைச் சொல்லி எங்கே போனாலும் திரும்பி வந்து அந்த அஞ்சில்தான் நின்றாள்.

மிக்கேல் வாத்தியார் அவளை இறக்கிவிடலாம் என்று நாலரையை இன்னும் பலமாக அழுத்தினார். முதல் வரிக்கு அழுத்தினார், இரண்டாம் வரிக்கு அழுத்தினார். மூன்றாம் வரியில் அவர் கை துருத்தியிலிருந்து நழுவியது. வானத்துச் சத்தத்தைக் கேட்டார், வேலுத்தாயைக் கேட்டார், மறுபடி வானத்தைக் கேட்டார். ஒன்றரை வருசமாக ஊர் மொத்தமும் பாய் விரித்துப் படுத்திருந்த அந்த ஸ்வரம், அவள் குரலுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டால், உட்காருகிற இடமாக இல்லை. ஸாவுக்கு ஒரு படி கீழே, ஒற்றைக் காலை மேலே தூக்கியபடி, ஏற முடியாமல் நின்றுகொண்டிருந்தது.

"தப்புப் பண்ணிட்டேன்," என்றார் வாத்தியார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "இது ஸா இல்லய்யா. இது நி. இதுல போயி யாரு குடியிருக்க முடியும்? வீடு மேல இருக்கு. அந்தப் பொம்பளதான் வீட்டுக்குள்ள நிக்கிறா."

அவர் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. எல்லோர் காதிலும் அது விழுந்துவிட்டது. பாதித் தெரு போயிருந்த ஐயம்மாளும் நின்று திரும்பிப் பார்த்தாள். வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்கள் பொத்தியிருந்த கையை எடுத்தார்கள், முதலில் ஒருத்தி, பிறகு எல்லோரும், வேலுத்தாயோடு சேர்ந்து கதறி அழுதார்கள். யார் யாரோ செத்ததெல்லாம் அன்றைக்குத்தான் நினைவு வந்த மாதிரி அழுதார்கள். அந்த அழுகையோடு பூவலிங்கத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதற்கு அப்புறம்தான் ஊருக்குக் கெட்ட காலம் பிடித்தது. சத்தம் மாறவில்லை, அதே நாலரை, அதே கனம். கேட்கிற காதுதான் மாறிப்போயிற்று. ஒரு தடவை நி என்று கேட்டதைத் திருப்பி ஸா என்று கேட்க ஒருவராலும் முடியவில்லை. சந்தையில் விலை சொல்லத் தொடங்கியவர்கள் முடிக்க முடியாமல் சொல்லிக்கொண்டே போனார்கள், சண்டை பிடித்தவர்களுக்குச் சண்டை முடியவில்லை, பூசாரி மந்திரத்தை முடிக்க முடியாமல் தீபாராதனைத் தட்டோடு நின்றார், தும்மல் வருகிற மாதிரி வந்து வராமலே போகிற அவஸ்தை ஊர் முழுக்க. ராத்திரியானால் ஒருவருக்கும் தூக்கம் இல்லை. தாங்களே அஞ்சுக்கு ஏறிவிடலாம் என்று பார்த்தால், ஒன்றரை வருசம் பழகிய தொண்டை நாலரைக்கே சறுக்கியது. வாத்தியார் பெட்டியில் அஞ்சை அழுத்திக் காட்டினார். காது ஒத்துக்கொண்டது, உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் காலையில் வேலுத்தாய் வீட்டு வாசலில் இருபது பேர் நின்றார்கள். "ஒரே ஒரு தடவ அழுதுரு தாயி, நாங்க படுற பாடு தாங்கல," என்றார் பெரியவர்.

"அழுததெல்லாம் அவருக்கு. அவரு போயிட்டாரு. இனி எங்கிட்ட அழுக இல்ல," என்றாள் வேலுத்தாய்.

அந்த "இல்ல" அஞ்சில் முடிந்ததும் இருபது பேரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஒரு கிழவர் வாசற்படியிலேயே சாய்ந்து கொஞ்ச நேரம் தூங்கினார். மறுநாள் ஐம்பது பேர் வந்தார்கள், அதற்கு மறுநாள் தெரு கொள்ளவில்லை. கெஞ்சினார்கள், அவள் முடியாது என்றாள், திருப்தியாகப் போனார்கள். மூன்று நாள் கழித்துத்தான் அவளுக்கு விளங்கியது, இவர்கள் அழுகைக்கு வரவில்லை, அவள் முடியாது என்று சொல்வதைக் கேட்டுவிட்டுப் போகத்தான் வருகிறார்கள். அவள் துக்கத்துக்கும் இவர்கள் தூக்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஐயம்மாள் வந்தாள். துட்டி வீட்டுக்கு வெற்றிலைத் தட்டோடு வரக்கூடாது என்பதுகூட மறந்துபோய், தட்டோடு வந்தாள். கண் இரண்டும் குழிக்குள் கிடந்தது. அவளுக்குப் பின்னால் தெரு நிறைய ஜனம்.

"மதினி, நான் சொன்னத மனசுல வச்சுக்கிறாதீங்க. குறிச்ச நாள்லயே கல்யாணத்த வச்சுக்கிருவோம். நீங்களே முன்ன நின்னு நடத்துங்க, நல்லா வாயாறப் பேசுங்க. இப்ப ஒரு வார்த்த, சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க மதினி. எம்மவன் கண்ண மூடித் தூங்கி ஒம்பது நாளாச்சு."

வேலுத்தாய் திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். ராஜகனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பன் போனதிலிருந்து அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை, ஒன்பது நாளாக அவளுக்கும் தூக்கமில்லை, அவளும் இந்த ஊர்க் காதுக்காரிதானே. அவள் தட்டைப் பார்க்கவில்லை, அம்மாவின் ஒரு சொல்லுக்காக அதை ஏந்தி நின்ற ஐயம்மாளைப் பார்த்தாள்.

"வேண்டாம்மா," என்றாள் ராஜகனி. அது முடியாமல் அந்தரத்தில் தொங்கியது. மறுபடியும் சொன்னாள். "வேண்டாம்மா."

வேலுத்தாய் ஐயம்மாளைப் பார்த்து, இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள். தெரு மொத்தமும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. உதடு பிரியவில்லை. வாயைத் திறக்காமல் பதில் சொல்ல அந்த ஊர்தான் அவளுக்கு நாலு மாதம் பழக்கிக் கொடுத்திருந்தது.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, குனிந்து காதோடு வாயை வைத்து, கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் காதுக்கும் எட்டாத சின்னக் குரலில், "தூங்கு தாயி," என்றாள்.

ராஜகனி தூங்கினாள். வெளியே ஊர் நின்றுகொண்டிருந்தது.